தாலி முந்தியதா, கார்டு முந்தியதா?

மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்குப் புறத்துப் படிகளில் இறங்குகிறவர் தாராவியில் காலை வைக்கிறார். மேற்குப் புறத்தில் இறங்குகிறவர், சிறிது தூரம் நடந்து, லேடி ஜம்ஷெட்ஜி சாலையை அடைகிறார். இரு புறத்தாருக்கும் வடக்கெல்லையாயிருப்பது மித்தி நதி; அதை நதி என்று சொல்ல இக்காலத்தில் சற்றுத் தைரியம் வேண்டும். அது கடலோடு கலக்கும் கழியில் படகுகள் கவிழ்ந்து ஜனங்கள் மாண்டுகொண்டிருந்த காலத்தில், பணமில்லையென்று கும்பினி சர்க்கார் கையை விரித்துவிட, ஸர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவியாரான ஆவாபாய் அம்மையார் 1,57,000 ரூபாயைத் தாமே கொடுத்து, கடந்து செல்வோரிடம் சுங்கம் வசூலிக்கலாகாது என்ற நிபந்தனையோடு கட்டுவித்த மாஹிம் காஸ்வே 1845-ல் திறக்கப்பட்டது. அந்த நதியின் அக்கரையில், சதுப்பு மரங்களுக்கப்பால் எழுந்து நிற்கும் பாந்த்ரா–குர்லா வளாகத்தில்தான், பிரீச் கேண்டிக் கடற்கரையில் ஒரு காலத்தில் வாங்கானேர் சமஸ்தானத்து மாளிகையாயிருந்த கட்டடத்தை விட்டு 2011-ல் குடிபெயர்ந்து வந்த அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறது. அந்த வாசலைக் கடப்பதற்குச் சுங்கம் உண்டு. பணத்தைவிட அதிகமாகக் காலமே அங்கே சுங்கமாக வசூலாகிறது.

இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் ஸ்திரமாகக் குடியேறப் போகிறவர்களுக்கான நேர்காணல் மிகப் பெரும்பாலும் இந்த ஒரே இடத்தில் நடைபெறுவதால், சென்னையில் ஒரு துணைத் தூதரகம் இருந்துங்கூட, தஞ்சாவூர்ப் பெண்ணும் திருநெல்வேலிப் பெண்ணும் மும்பைக்கு வண்டியேற வேண்டியிருக்கிறது. தாதரில் இறங்கி, மாதுங்காவில் பெரியப்பா வீட்டிலோ, செம்பூரில் சித்தி வீட்டிலோ, தாராவியிலோ மாஹிமிலோ தாய்மாமன் வீட்டிலோ தங்கி, மருத்துவப் பரிசோதனையையும் தடுப்பூசிகளையும் முடித்துக்கொண்டு, கலியாண ஆல்பமும் பத்திரக் கட்டுமாக அந்த வாசலுக்கு அவர்கள் போய் வருவது இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிப்போன காரியம். நேர்காணலுக்கென்று வந்து தங்கும் நாட்களில் புதன்கிழமை குறுக்கிட்டால், வந்தவர் எந்த மதத்தைச் சேர்ந்தவரானாலும், வீட்டார் மாஹிமிலுள்ள புனித மிக்கேல் ஆலயத்துக்கு அழைத்துச் செல்வதும் உண்டு. 1948 முதல் புதன்தோறும் நடந்து வரும் அந்த நவநாள் வழிபாட்டில் வேலைக்காகவும் வீட்டுக்காகவும் பிள்ளைப் பேற்றுக்காகவும் வேண்டுவோரோடு விசாவுக்காக வேண்டுவோரும் கலந்து நிற்கிறார்கள்.

இந்தப் பெண்களுள் ஒரு சாரார் கலியாணமான சில மாதங்களில் புறப்பட்டுவிடுகிறார்கள். மற்றொரு சாரார் இரண்டு வருஷம், மூன்று வருஷம், சில காலங்களில் ஐந்து வருஷம் என்று பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலுமாகக் காத்துக் கிடக்கிறார்கள். கணவன்மாரின் படிப்பும் சம்பளமும் ஊரும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தும் இந்த வித்தியாசம் ஏன் நேர்கிறது என்று விசாரித்தால், பெரும்பாலும் விடை ஒரே கேள்வியில் வந்து முடிகிறது. கழுத்தில் தாலி ஏறிய நாள் முந்தியதா, கணவன் கையில் கிரீன் கார்டு ஏறிய நாள் முந்தியதா?

அமெரிக்கச் சட்டத்தின் போக்கைச் சற்றே நிதானமாகப் பார்ப்போம். எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் அங்கே இருக்கும் ஒரு தமிழ் இளைஞன் ஊருக்கு வந்து விவாகம் செய்துகொண்டால், அவன் மனைவி எச்-4 விசாவில் அவனைப் பின்தொடர்ந்து போய்ச் சேரலாம். அதற்கு ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரையறை இல்லை. அவனே பல வருஷம் தவமிருந்து கிரீன் கார்டு பெறும் தறுவாயில், கார்டு வருவதற்கு ஒரு நாள் முன்னதாகவேனும் விவாகம் நடந்திருக்குமானால், அவனுடைய விண்ணப்பத்தின் நிழலிலேயே மனைவிக்கும் ஸ்திரவாச உரிமை கிடைத்துவிடுகிறது. தனி வரிசையில் அவள் நிற்க வேண்டியதில்லை. கார்டு வந்து ஐந்து வருஷம் கழிந்து அவன் அமெரிக்கப் பிரஜையாகிவிட்டாலும் கவலையில்லை. பிரஜையின் மனைவிக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. இந்த மூன்று நிலைகளுக்கும் இடையில், கார்டு கைக்கு வந்த மறுநாள் முதல் பிரஜையாகும் நாள் வரையில் மணம் புரிந்துகொள்கிறவனுடைய மனைவிக்கு மட்டுந்தான் வரிசை. தற்காலிகமாய் வந்தவன் மனைவியோடு வாழலாம். நிரந்தரமாய் இருக்க அனுமதி பெற்றவன் மட்டும் தனியே வாழ வேண்டும் என்ற விசித்திரத்தைச் சட்டம் வகுத்தவர்கள் வேண்டுமென்றே செய்தார்களென்று நான் கருதவில்லை. ஆனால் பல பத்தாண்டுகளாக அது கண்ணுக்குத் தெரிந்தே நீடித்து வருகிறது.

இந்த வரிசைக்குக் குடும்ப முன்னுரிமை 'எஃப்2ஏ' என்று பெயர். 1990-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம், ஸ்திரவாசிகளின் மனைவி, கணவன், பிள்ளைகள் ஆகியோருக்கென்று ஆண்டுக்கு 1,14,200 விசாக்களை ஒதுக்கி, அதில் 77 சதவீதத்தை, அதாவது 87,934-ஐ, வாழ்க்கைத் துணைக்கும் மணமாகாத இளம் பிள்ளைகளுக்கும் என்று வரையறுத்தது. எந்த ஒரு தேசத்தாருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகலாகாது என்ற பொது விதியிலிருந்து இந்தப் பங்கின் முக்கால் பகுதிக்கு விலக்கும் அளித்தது. அந்த மட்டில், வேலையின் பேரில் கிரீன் கார்டு பெறுவதற்கு இந்தியர்கள் காத்துக் கிடந்து படும் பாடு இதில் இல்லை. கணவன் ஐ-130 என்ற மனுவைத் தாக்கல் செய்த தேதியே மனைவியின் இடத்தைக் குறிக்கும் தேதி. அமெரிக்க வெளிவிவகார இலாகா மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் அந்தத் தேதி எட்டப்பட்டால்தான் மேற்கொண்டு காரியம் நடக்கும். மாதுங்காவில் காய்கறிக் கடை வாசலில் சந்தித்துக்கொள்ளும் இரண்டு மாமிமார், "டேட் கரெண்ட் ஆச்சா?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது இதைத்தான். பஞ்சாங்கத்தைத் தினம் பார்க்கிற வீட்டில் மாதம் ஒருமுறை இந்தப் பஞ்சாங்கத்தையும் பார்க்க வேண்டியதாயிற்று.

அந்தப் பஞ்சாங்கத்தில் கிரகங்கள் வக்ரகதியில் செல்வதும் உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் காத்திருப்பு நான்கைந்து ஆண்டுகளாக நீண்டு கிடந்தது. அதன் கொடுமையை உணர்ந்த அமெரிக்க காங்கிரஸ், 2000 டிசம்பர் 21-ந் தேதிக்குள் மனுச் செய்து மூன்று வருஷம் காத்திருந்தவர்கள் அங்கே வந்து காத்திருக்கலாம் என்று 'வி' விசா என்ற ஒன்றை உண்டாக்கியது. அந்தத் தேதிக்குப் பிந்தியவர்களுக்கு அந்தக் கருணை எட்டவில்லை. அதைப் புதுப்பிக்க வேண்டுமென்று பிரிந்திருந்த கணவன்மார் செய்த முயற்சிகளும் பலிக்கவில்லை. பிறகு, 2019-ன் நடுவிலிருந்து 2023-ன் தொடக்கம் வரையில் வரிசையே இல்லாத ஒரு பொற்காலம் வாய்த்தது. தேவைக்கேற்ப விசா கிடைத்தது. 2023 ஏப்ரலில் தேதி மறுபடியும் பின்னுக்குப் போயிற்று. 2025-ன் முற்பகுதியில் அது ஏறத்தாழ மூன்று ஆண்டு பின்தங்கி நின்றது. ஒரே தெருவில் 2021-ல் மணமானவளும் 2023-ல் மணமானவளும் வெவ்வேறு விதிக்கு ஆளானதற்கு வேறு காரணம் எதுவுமில்லை.

காத்திருக்கும் காலத்தில் மனைவி சுற்றுலா விசாவில் போய்க் கணவனைப் பார்த்து வரலாமே என்று கேட்கத் தோன்றும். குடியேறும் எண்ணம் இல்லை என்று நிரூபிக்கக் கூடியவருக்கே அந்த விசா. குடியேறுவதற்கென்றே ஒரு மனு அவள் பேரில் நிலுவையில் கிடக்கும்போது, அந்த எண்ணம் இல்லையென்று அவள் எங்ஙனம் சாதிப்பாள்? சரி, அவன்தான் இங்கே வந்து ஒரு வருஷம் இருக்கட்டுமே என்றால், ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் தங்கினால் குடியுரிமைக்கான தொடர்வாசக் கணக்கு கேள்விக்குள்ளாகும்; ஒரு வருஷத்துக்கு மேல், முன் அனுமதியின்றித் தங்கினால், கார்டே கைவிட்டுப் போகக் கூடும். ஆகவே அவன் வருஷத்துக்கு ஒருமுறை மூன்று வார விடுமுறையில் வருகிறான். தீபாவளிக்கு வந்தால் பொங்கலுக்கு இல்லை. முதல் குழந்தை பிறந்ததைத் தகப்பன் கைபேசித் திரையில் பார்க்கிறான்.

மனைவியைத் தன்னிடம் அழைத்துக்கொள்ளும் உரிமைக்காகத் தமிழர்கள் போராட நேர்ந்தது இது முதல் தடவையன்று. இதற்காகச் சிறை சென்றதும் உண்டு. 1913 மார்ச் 14-ந் தேதி, தென்னாப்பிரிக்காவில் கேப் மாகாணத்து நீதிபதி மால்கம் ஸியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். ஹஸன் ஈஸப் என்பவரின் மனைவியான பாய் மரியம் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்திறங்க முயன்றபோது அதிகாரிகள் தடுத்துவிட, வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. பல தாரங்களுக்கு இடமளிக்கும் ஒரு மதத்தின் முறைப்படி நடந்த விவாகத்தை இந்த நாட்டுச் சட்டம் விவாகமாக ஏற்காது. ஆகவே இவள் மனைவியென்ற ஹோதாவில் உள்ளே வர உரிமையற்றவள் என்பது தீர்ப்பின் சாராம்சம். அந்த ஒரே தீர்ப்பினால், ஹிந்து, முகம்மதிய, பார்ஸி முறைகளில் மணந்து, அந்த நாட்டில் பல காலமாய்க் குடித்தனம் நடத்திவந்த அத்தனை ஸ்திரீகளும் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவராயினர். அவர்களுடைய குழந்தைகளின் வாரிசுரிமையும் ஆட்டங் கண்டது. காந்தியடிகள் பெண்களைச் சத்தியாக்கிரகத்துக்கு அழைத்தது அதுவரையில் இல்லாதது. இந்தத் தீர்ப்பு அதற்கு வழி திறந்தது.

காந்தியடிகளின் டால்ஸ்டாய் பண்ணையோடு தொடர்புடைய பதினோரு பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், அவர்களில் சிலர் கைக்குழந்தைகளோடு, டிரான்ஸ்வாலிலிருந்து எல்லையைத் தாண்டி நேட்டாலுக்குள் சென்று, நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்துவந்த ஒப்பந்தக் கூலிகளை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பினார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் தலைக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டுமென்ற கொடுமையோடு, தாலிக்கு மதிப்பில்லை என்ற அவமானமும் சேர்ந்துகொண்டபோது, மத்தியஸ்தர்களால் அணைக்க முடியாத தீ மூண்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் சுரங்கத்தை விட்டு வெளியேறினர். பெண்களுக்கு மூன்று மாதம் கடுங்காவல். சிறையில் நோயுற்று, விடுதலையாகிச் சிறிது காலத்துக்குள் 1914 பிப்ரவரி 22-ந் தேதி மாண்ட தில்லையாடி வள்ளியம்மைக்கு அப்போது வயது பதினாறு. மணமாகாத சிறுமி, மணமான பெண்களின் உரிமைக்காக உயிரை விட்டாள். அதே ஆண்டின் நடுவில் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம், மூன்று பவுன் வரியை ஒழித்ததோடு, ஒரு மனைவியும் அவள் பிள்ளைகளும் நாட்டுக்குள் வரும் உரிமையை ஒப்புக்கொண்டது. மறுவருஷம் ஜனவரியில் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கிய காந்தியடிகள், சில மாதங்களில் தில்லையாடிக்கே போய் வந்தார். நம் பள்ளிக்கூடப் புத்தகங்களில் வள்ளியம்மை தேசபக்தைகளின் வரிசையில் நிற்கிறாள். அவள் நின்ற வழக்கு இன்னதென்று அப்புத்தகங்கள் இன்னுங் கொஞ்சம் விரித்துச் சொன்னால் குற்றமில்லை.

ஸியர்ல் எழுப்பிய கேள்வி, மனைவி என்று ஒருத்தி வந்து நின்றால் அவள் மனைவிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்பது, பிறகு வந்த எல்லாக் குடியேற்றச் சட்டங்களிலும் தொடர்ந்து வருகிறது. அதைக் கேட்ட விதங்களில் மிக இழிவானது பிரிட்டனுக்கு உரியது. 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், மணம் புரிந்துகொள்ள வந்த ஓர் இந்திய ஆசிரியை, ஏற்கெனவே மணமானவளாயிருக்கலாம் என்ற சந்தேகத்தின் பேரில் கன்னிமைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்ட செய்தி பத்திரிகையில் வெளியாகி, இரு நாட்டுப் பார்லிமெண்டுகளும் கொந்தளித்தன, வழக்கம் நிறுத்தப்பட்டது. அது ஒரேயொரு சம்பவம் என்று அப்போது சொல்லப்பட்டது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரு ஆராய்ச்சியாளர்கள் பழைய சர்க்கார் தஸ்தாவேஜுகளைப் புரட்டி, அத்தகைய சோதனை 1970-களின் பிற்பகுதியில் குறைந்தது 80 பெண்களுக்கு நடந்ததென்றும், டெல்லியிலும் இந்தப் பம்பாயிலும் இருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலேயே நடந்ததென்றும் 2011-ல் வெளிப்படுத்தினார்கள். கணவனைத் தேடிப் புறப்பட்ட பெண்களிடம் அந்தச் சுங்கமும் வாங்கப்பட்டிருக்கிறது.

பிரிட்டன் கதையில் இன்னொரு அத்தியாயமும் உண்டு. அங்கே குடியிருக்கும் ஆண் தன் மனைவியை அழைத்துக்கொள்வது எளிதாகவும், குடியிருக்கும் பெண் தன் கணவனை அழைத்துக்கொள்வது கடினமாகவும் இருந்ததை எதிர்த்து, மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய் 1985-ல் வென்றார்கள். தீர்ப்புக்குத் தலைவணங்கிய பிரிட்டிஷ் சர்க்கார், பெண்களுக்கு ஆண்களின் சலுகையைக் கொடுப்பதற்குப் பதிலாக, பெண்களுக்கிருந்த கஷ்டத்தை ஆண்களுக்கும் விஸ்தரித்துச் சமத்துவத்தை நிலைநாட்டியது! இன்று அங்கே கஷ்டம் பவுனில் அளக்கப்படுகிறது: துணையை அழைப்பவருக்கு 2012 முதல் 18,600 பவுனாயிருந்த குறைந்தபட்ச ஆண்டு வருமானம், 2024 ஏப்ரலில் 29,000 பவுனாக உயர்ந்தது.

நிற்க. அத்தாட்சி விஷயத்துக்கு வருவோம். மும்பை நேர்காணலில் அதிகாரிக்கு வேண்டியது, இது உண்மையான விவாகம், கார்டுக்காகக் கட்டிய வேஷமன்று என்ற நம்பிக்கை. கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வாடகைப் பத்திரம், சேர்ந்து போன யாத்திரைகளின் படங்கள் முதலியவை அவர்கள் நாட்டுத் தம்பதிகளிடம் இருக்கக் கூடிய சாட்சியங்கள். பெரியோர் பார்த்து முடித்து, பதினைந்து நாள் சேர்ந்திருந்து, பிறகு வருஷக் கணக்காய்ப் பிரிந்து வாழும் நம் தம்பதிகளிடம் இவற்றுள் எது இருக்கும்? ஆகவே ஆயிரம் பேர் உண்டு போன கலியாணமே சாட்சியாகிறது. ஈழத் தமிழரின் எல்லை கடந்த விவாகங்களை ஆராய்ந்த மானுடவியலறிஞர் சித்தார்த்தன் மௌனகுரு, 2019-ல் வெளிவந்த தமது நூலில், யுத்த காலத்தில் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் மாப்பிள்ளையும் யாழ்ப்பாணத்திலிருந்து பெண்ணும் தமிழ்நாட்டில் சந்தித்து மணம் முடித்ததையும், அந்தக் கலியாண ஆல்பம் உற்றார் பார்ப்பதற்காக மட்டுமின்றி விசா அதிகாரி பார்ப்பதற்காகவும் தயாரானதையும் விரிவாக எழுதியிருக்கிறார். மாலை மாற்றும் படம் இருக்கிறதா, இரு வீட்டுப் பெரியவர்களும் படத்தில் விழுந்திருக்கிறார்களா என்று பார்த்துப் பார்த்துப் படமெடுக்கும் கலையில் நம் ஊர்ப் புகைப்படக்காரர்களும் தேர்ந்துவிட்டார்கள்.

படம் போதாது, பத்திரம் வேண்டும். எல்லா விவாகங்களும் பதிவு செய்யப்பட வேண்டுமென்று சீமா–அசுவனி குமார் வழக்கில் 2006-ல் சுப்ரீம் கோர்ட் பணித்தது; மகாராஷ்டிரத்தில் 1998-ம் வருஷத்துச் சட்டமும் தமிழ்நாட்டில் 2009-ம் வருஷத்துச் சட்டமும் அதற்கு உண்டு. மாஹிம், தாராவி, தாதர் வாசிகளுக்கு மாநகராட்சியின் 'ஜி நார்த்' வார்டு அலுவலகத்தில் காரியம் முடியும். ஆனால் மாஹிம் என்பது தர்காவும் தேவாலயமும் கோயில்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பேட்டை; இங்கே மதம் கடந்து மனம் ஒப்புகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டமே கதி. அதில் இருவரில் ஒருவராவது முப்பது நாள் அந்த ஜில்லாவில் வசித்திருக்க வேண்டும், அறிவிப்புக் கொடுத்து மேலும் முப்பது நாள் காத்திருக்க வேண்டும். மூன்று வார லீவில் வந்திருக்கிறவன் அந்த அறுபது நாளுக்கு எங்கே போவான்? ஜாதகப் பொருத்தம் பார்க்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை என்று சொல்வதற்கில்லை, அங்கே ஜாதகமே பார்க்கப்பட்டிராது. காதலர்களாவது காலண்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதனினும் பெரிய தலைவலி பெயர். தமிழருக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. முன்னெழுத்து ஒன்றே உண்டு. தாராவியில் படித்த பெண்ணுக்கோ, மராத்திய வழக்கப்படி, பள்ளிக்கூடத்தில் தன் பெயர், தகப்பன் பெயர், அதன்பின் எதையாவது ஒன்று என்று மூன்று தொடராய்ப் பதிவாகியிருக்கும். திருநெல்வேலி ஜில்லாவில் அவள் பிறந்த கிராமத்துப் பிறப்புப் பதிவில் பெயரே இல்லாமல் 'பெண் குழந்தை' என்று மட்டும் கிடக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாயிருந்தால், அமெரிக்க விசாவில் அவளுடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயராக மாறி, பெயரிருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு', அதாவது பெயர் தெரியாதவள், என்று அச்சாகி வரும். இத்தனை பெயரும் ஒருத்தியே என்பதற்குப் பிரமாணப் பத்திரங்கள், பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை என்பதற்கு ஒரு சான்று, அதற்கு மேல் பெற்றோரின் உறுதிமொழி என்று கட்டு பருத்துக்கொண்டே போகிறது. 2017 முதல் பாந்த்ரா–குர்லா வளாகத்திலேயே விதேஷ் பவன் அமைந்து, பாஸ்போர்ட் அலுவலகமும் வெளிவிவகார அமைச்சின் மற்றக் கிளைகளும் ஒரே கூரையின் கீழ் வந்திருப்பது அலைச்சலை ஓரளவு குறைத்திருக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயம்.

மனைவியை அழைத்துக்கொள்ளும் கணவன் 'ஸ்பான்ஸர்' என்ற முறையில் கையெழுத்திடும் ஐ-864 என்ற பத்திரத்தைப் பற்றி நம் வீடுகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை. தன் குடும்ப அளவுக்கு அந்நாட்டுச் சர்க்கார் நிர்ணயித்த வறுமைக்கோட்டில் 125 சதவீத வருமானம் தனக்கு உண்டென்று, 2025-ம் வருஷக் கணக்கில் இருவர் கொண்ட குடும்பத்துக்கு 26,437 டாலர் உண்டென்று, அவன் அதில் காட்ட வேண்டும். விஷயம் அத்தொகையில் இல்லை. மனைவி பிரஜையாகும் வரையிலோ, நாற்பது காலாண்டு உழைப்புக் கணக்கு அவளுக்குச் சேரும் வரையிலோ, அவள் அந்நாட்டு வாசத்தை விட்டு நிரந்தரமாய் வெளியேறும் வரையிலோ அவளைத் தாங்குவேன் என்ற வாக்குறுதி அது. விவாகரத்து அதை ரத்து செய்வதில்லை. அக்கினி சாட்சியாய்க் கொடுத்த வாக்கை மீறுகிறவனையும் இந்தக் கையெழுத்து கட்டுப்படுத்தும் என்பதைப் பெண் வீட்டார் அறிந்திருப்பது நல்லது. மறுபுறம், மணமாகி இரண்டு வருஷம் நிறையாமல் போய்ச் சேருகிறவளுக்கு 1986-ம் வருஷத்துச் சட்டப்படி இரண்டு வருஷ நிபந்தனைக் கார்டே கிடைக்கிறது. அதை நிலையாக்கத் தம்பதிகள் இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். கொடுமைக்கு ஆளானவள் தனியே விண்ணப்பிக்கவும் வழியுண்டு. ஆனால் அந்த வழி உண்டென்பதை அவளிடம் யார் போய்ச் சொல்வது?

வரிசையில் வைத்துவிட்டு வராமலே போய்விடும் கணவன்மாரும் இருக்கிறார்கள். தேசிய மகளிர் ஆணையத்தில் இத்தகைய புகார்களுக்கென்று 2009 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது. வெளிநாட்டிலிருக்கும் இந்தியர் விவாகத்தை முப்பது நாளுக்குள் பதிவு செய்தே தீர வேண்டுமென்றும், தவறினால் பாஸ்போர்ட்டை முடக்கலாமென்றும் 2019 பிப்ரவரியில் ராஜ்ய சபையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டு, சட்டமாகாமலே கிடந்தது. 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தனது 287-வது அறிக்கையில் அதைவிட விரிவான சட்டம் வேண்டுமென்று பரிந்துரைத்தது. மூன்று வருஷ வரிசை, கைவிட நினைப்பவனுக்கு எத்தனை வசதியான திரையென்பதை விளக்க வேண்டியதில்லை.

எல்லா நாடும் அமெரிக்காவைப் போலத்தான் என்று எண்ணிவிடக் கூடாது. கனடாவில் ஸ்திரவாசியின் மனைவிக்கும் பிரஜையின் மனைவிக்கும் இந்த விஷயத்தில் பேதமில்லை. பொதுவாக வருமான வரம்பும் இல்லை. மூன்று வருஷம் தாங்குவேன் என்று கையெழுத்திட்டால் போதும். ஆயினும் அங்கே வேறொரு படுகுழி இருக்கிறது. விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போது ரகசியமாய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, 'ஒண்டிக்கட்டை' என்ற பழைய தகவலோடே போய் இறங்குகிறவன், பின்னர் அந்த மனைவியை ஸ்பான்ஸர் செய்ய விதியே இடந்தராது. முதலில் பதிவு, இரண்டு வருஷம் கழித்து ஊரறியக் கலியாணம் என்று ஏற்பாடு செய்துகொண்ட எத்தனையோ குடும்பங்கள் அதில் விழுந்து தவித்தன. 2019-ல்தான் ஒரு பகுதியினருக்குப் பரீட்சார்த்தமாகச் சலுகை பிறந்தது.

அமெரிக்க நீதிமன்றம் இந்த வரிசை விஷயத்தில் தலையிடும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. அயல்நாட்டுத் துணை தன்னோடு வந்து வாழ வேண்டுமென்பது ஒரு பிரஜைக்கே அடிப்படை உரிமையாகாது என்று 2024 ஜூன் 21-ந் தேதி, முன்யோஸ் வழக்கில், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் முடிவு கட்டிவிட்டது. பிரஜைக்கே இல்லாத உரிமை கார்டுக்காரனுக்கு எங்கிருந்து வரும்? சட்டமன்றந்தான் திருத்த வேண்டும், திருத்தமும் பெரிதன்று. ஸ்திரவாசியின் மனைவியைப் பிரஜையின் மனைவியோடு ஒரே வரிசையில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. எந்த நாட்டில் யார் குடியேறலாமென்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தந்த நாட்டுக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை; ஒருவனை நிரந்தரமாய் இரு என்று ஏற்றுக்கொண்டு வரியும் வாங்கிய பிறகு, குடித்தனம் மட்டும் நடத்தாதே என்பது எந்த நியாயத்திலும் சேராது.

அது திருந்தும் வரையில், மாஹிமிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும், தமிழ்நாட்டிலும் பெண் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாப்பிள்ளை 'அமெரிக்காவில் செட்டில் ஆனவர்' என்று தரகர் சொன்னதும் மண்டபம் பார்க்கப் புறப்பட்டுவிடாதீர்கள். எந்த விசாவில் இருக்கிறார், கார்டு வந்துவிட்டதா, வரப்போகிறதா, பிரஜையாக இன்னும் எத்தனை வருஷம் என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கார்டு வரப்போகிறதென்றால், அதற்கு முன்பே தாலி கட்டிப் பதிவும் செய்துவிடுங்கள். வந்துவிட்டதென்றால், கலியாணம் முடிந்த அந்த வாரத்திலேயே ஐ-130 போய்ச் சேர வேண்டும். ஒரு மாதத் தாமதம் வரிசையில் ஒரு மாதம். அவர் பிரஜையாகும் நாள் அருகில் இருந்தால், நிலுவையிலிருக்கும் மனு அன்றே வரிசையை விட்டு வெளியேறும். ஆனால் இடையில் குழந்தை பிறந்திருந்தால் அதற்குத் தனி மனு வேண்டும் என்பதை மறவாதீர்கள். இவ்வளவுக்கும் ஆதாரமான தேதி கிரீன் கார்டின் முகப்பிலேயே, இன்ன நாள் முதல் வாசி என்று அச்சாகியிருக்கிறது; அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு முகூர்த்தத்தைக் குறியுங்கள்.